தானியேல் மேஸ்திரி பூசாமல் விட்ட ஒரு சாண்

கம்ப்ளீட் என்கிற இங்கிலீஷ் வார்த்தை எந்தச் சீமையில் பிறந்ததோ தெரியாது, ஆனால் அது உடம்பு நோக உழைப்பது உத்திரமேரூர்ப் பக்கம் பெருநகர் என்கிற ஊரில்தான். ஜுரம் விட்டால் கம்ப்ளீட்டா வுட்டுட்ச்சி. பைக் படுத்துக்கொண்டால் கம்ப்ளீட்டா பூட்ச்சி. உத்திரமேரூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்றால் பஸ்ஸு கம்ப்ளீட்டா ஃபுல்லு. டாக்டர் கம்ப்ளீட் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் காலையிலிருந்து டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். சம்பந்தி வீட்டார் கம்ப்ளீட்டா தங்கமானவங்க. கல்யாணம் முடிந்த மறுமாசமே அவங்க கம்ப்ளீட்டா வேற மாதிரி. முழுசு, அத்தனையும், அடியோடு, சுத்தமா என்று நம்மிடமே நாலு வார்த்தை சும்மா கிடக்கும்போது, எல்லா வேலையையும் இந்த ஒண்டி வார்த்தையின் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதை ஊரிலேயே அதிகம் வேலை வாங்கினவர் தானியேல் மேஸ்திரி. கொத்தனார். வயசு ஐம்பத்து நாலு. ஒல்லி உடம்பு, காதில் பென்சில், தோளில் துண்டு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டின லுங்கி. காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போது "நாஷ்டா கம்ப்ளீட்" என்பார். சிமெண்டு தீர்ந்தால் "மூட்டை கம்ப்ளீட்". வீட்டில் சம்சாரத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிற அன்றைக்கு, "காலையிலயே எனக்கு கம்ப்ளீட் பூஜை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அது வாயில் வந்துவிடும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வராது. அவர் கையால் கட்டின வீட்டைப் பற்றி யாராவது, "மேஸ்திரி, வூடு கம்ப்ளீட்டா?" என்று கேட்டால் போதும், மனுஷன் வானத்தைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், பிறகு "ஆன மாதிரிதான்" என்பார்.

சொல்லமாட்டார் என்பது மட்டுமில்லை, செய்யவும் மாட்டார். தானியேல் கட்டின எந்த வீட்டிலும் ஒரு சாணுக்கு ஒரு சாண் இடம் பூச்சு இல்லாமல் கிடக்கும். மற்றச் சுவரெல்லாம் கை வைத்தால் வழுக்கும், அப்படிப் பூசியிருப்பார். அதற்கு நடுவே செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு சின்னச் சதுரம். பின்பக்கச் சுவர், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து விடுவார். ஊரில் அதற்கு 'மேஸ்திரி சாண்' என்றே பெயர். அவர் சொந்த வீட்டில் அது ஹாலிலேயே இருக்கிறது. சம்சாரம் அதன்மேல் கண்ணாடியை மாட்டி, தினம் தலை வாரும்போது அவரையும் ஒரு வாரு வாருகிறாள்.

வேலை முடிகிற அன்றைக்குக் கடைசிச் சட்டிக் கலவையை மார்த்தாள் தூக்கிக்கொண்டு வருவாள். மார்த்தாள் அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள். தலைச்சட்டியை இறக்கி அவள் நீட்டுவாள், மேஸ்திரி வாங்கமாட்டார். "ஊத்திடு" என்பார். அவளும் வாசலுக்குப் போய்த் தெருவில் எந்தப் பள்ளம் பெரிசோ அதில் கொட்டி, காலால் தேய்த்து மட்டம் பண்ணிவிட்டு வருவாள். பெருநகர் தெருக்களில் தடுக்கி விழாமல் நடக்கிறவர்கள் பாதிப் பேர் மார்த்தாளுக்கு நன்றி சொல்லவேண்டியவர்கள். யாரும் சொன்னதில்லை.

இந்த வினை முத்துகிருஷ்ணன் வீட்டில் ஆரம்பித்தது. முத்துகிருஷ்ணன் நிலம் நீச்சு உள்ளவர், ஏரிக்கரைப் பக்கம் பெரிய வீடு போட்டார். தானியேல் தனியாக எடுத்துச் செய்த முதல் வீடு அது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு, மீசை புதுசு, பூசுகிற கரணை புதுசு. தலைவாசலில் ரெண்டு மயில், சன்ஷேடுக்குக் கீழே கொடி வேலைப்பாடு என்று உயிரைக் கொடுத்துச் செய்தார். பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. தானியேல் நடு வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ஐயா, வூடு கம்ப்ளீட்" என்றார். கையில் கொடுத்த டீ ஆறவில்லை. ஒரு காற்று. வீட்டை ஒட்டி நின்ற தென்னை மரம் ஆடிக்கொண்டே வந்து சன்ஷேடின்மேல் படுத்துக்கொண்டது. மயில் ரெண்டும் கொடியும் பந்தலும் பாயச அண்டாவும் ஒரே நேரத்தில் போயின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய புண்ணியம்.

ஊர்க்கண் என்றார்கள். குறையே இல்லாமல் செய்தால் கண் வந்து விழத்தானே செய்யும் என்றார்கள். அன்றைக்கு வாயை மூடினவர்தான் தானியேல். அஸ்திவாரம் தோண்டும்போது அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த தென்னை வேரை வெட்டிப் போட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரிக்கு மட்டும் அது தெரியாது என்பது ஊர் செய்துவைத்திருந்த முடிவு. அதை யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. ஒரு சாணோடு விட்டாரே, சொன்னால் அடுத்த வீட்டில் ஒரு சுவரையே விட்டுவிடுவாரோ என்ற பயம்தான்.

சாம்சன் பாஸ்டருக்கு இதில் ரொம்ப மனக்கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிடித்து நிறுத்தினார்.

"தானியேலு, நம்ம ஜனமே கண்ணு, காத்துன்னு பேசலாமா? ஆண்டவர் ஆறே நாள்ல உலகத்தயே கம்ப்ளீட் பண்ணாரே, ஒரு சாண் வுட்டாரா?"

"அத்ததான் பாஸ்டரே நானும் சொல்றேன்" என்றார் தானியேல், ரொம்பப் பணிவாக. "பாக்கியே வெக்காம முடிச்சாரு. நல்லா கீதுன்னு அவரே சொன்னாரு. எத்தினி நாளு தாங்குச்சி? பாம்பு உள்ள பூந்துட்ச்சி. தோட்டத்து மதில்ல ஒரு சாண் வுட்டு வச்சிருந்தா இவ்ளோ பேஜார் வந்திருக்குமா?"

பாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லைதான். ஆனால் அவர் சர்ச்சு மதில் சுவரிலும், வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு மேஸ்திரி சாண் இருக்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி மார்த்தாள் வீட்டில் வந்து முட்டிக்கொண்டது.

நூற்றி முப்பது வீட்டுக்குக் கலவை தூக்கினவள் மார்த்தாள். சும்மாடு வைக்கிற இடத்தில் உச்சி முடி தேய்ந்தே போயிருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு ஆடு உண்டு. அவள் குடியிருந்தது காலனிக் கடைசியில் மூன்று மண் சுவரும் ஒரு நீலத் தார்ப்பாயும். போன வருஷம் ஐப்பசி மழையில் தார்ப்பாய் கிழிந்து, ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இந்த வருஷம் அரசாங்கத் திட்டத்தில் வீடு கட்ட அவள் பேர் வந்தது. சேதி கேட்டதும் தானியேல், "நான் கட்டறேன். கூலிப் பேச்சு எடுத்தா கரணையால அடிப்பேன்" என்றார். மார்த்தாள் எடுக்கவில்லை. தன் வீட்டுக்குத் தானே சித்தாளாகச் சட்டி தூக்கினாள். அந்த ஒன்றரை மாசமும் அவள் சட்டியில் கலவை வழிய வழிய இருந்ததை மேஸ்திரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு கக்கூஸ். சின்ன வீடுதான், ஆனால் நூல் பிடித்த மாதிரி நின்றது. கடைசி நாள் மார்த்தாள் கடைசிச் சட்டியோடு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். பின்சுவர் முழுக்கப் பூசியிருந்தது. முன்சுவரில், வாசக்காலுக்கு வலது பக்கம், போகிறவர் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், அவள் சட்டியை இறக்கி நீட்டுகிற உயரத்தில், ஒரு சாணுக்கு ஒரு சாண் செங்கல் தெரிந்தது.

"இன்னா மேஸ்திரி இது? எப்பவும் பின்னாடிதானே வுடுவ?"

"பின்னாடி வுட்டா கண்ணு சுத்திக்கினு போயி அத்த கண்டுபுடிக்கணும். முன்னாடி இருந்தா வந்த கண்ணு அதுலயே பட்டு அப்டியே திரும்பிப் பூடும்."

"ஊரான் வூட்டுல எல்லாம் மறைவா வுட்டுட்டு, என் வூட்டுல மட்டும் நெத்தியில வுடறியா?"

"ஊரான் வூடு போனா போவுது மார்த்தா. உன் வூடு போவக்கூடாது."

மார்த்தாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாசல் பள்ளத்திலேயே கொட்டினாள்.

மறுநாள் உத்திரமேரூரிலிருந்து திவ்யா ஸ்கூட்டியில் வந்தாள். திட்டத்து வீடுகளைப் பார்த்துப் போட்டோ எடுத்து மேலே அனுப்புகிற பொண்ணு. இருபத்து நாலு வயசு, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே மன்னிப்புக் கேட்கிற முகம். மார்த்தாளை வாசற்படியில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள், அனுப்பினாள், தண்ணி குடித்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் போட்டோ திரும்பி வந்தது. ஆபீசில் யாரோ ஒரு கழுகுக் கண்காரர் அதைப் பெரிசாக்கிப் பார்த்து, அந்த ஒரு சாணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வெளிப்பூச்சு முடியவில்லை என்று குறிப்பு.

திவ்யா போனைக் கொண்டுவந்து காட்டினாள். தானியேல் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். "பாத்தியா மார்த்தா, எங்கயோ இருக்கறவன் கண்ணு, நேரா அதுலதான் பட்டிருக்கு."

"மேஸ்திரி, விளையாடாதீங்க" என்றாள் திவ்யா. "செப்டம்பர் முப்பதோட லிஸ்ட்டை மூடறாங்க. இன்னும் அஞ்சு நாள்தான். அதுக்குள்ள கம்ப்ளீட்னு போகலைன்னா இவங்க பேரை எடுத்துடுவாங்க. பேர் போச்சுன்னா வீட்டு நம்பர் கிடையாது, நம்பர் இல்லைன்னா கரண்ட் கிடையாது. அப்புறம் எப்பன்னு எனக்கே தெரியாது. அஞ்சு நிமிஷ வேலை, பூசிடுங்களேன்."

"அஞ்சு நிமிஷம்தாம்மா. அன்னிக்கும் அஞ்சு நிமிஷத்துலதான் ஆச்சி" என்று ஆரம்பித்து, தென்னைமரக் கதையை அரை மணி நேரம் சொன்னார். பாயச அண்டாவை விடவில்லை.

திவ்யா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனை நீட்டினாள். "இதுல ரெண்டே பட்டன்தான் இருக்கு. ஒண்ணு இன்கம்ப்ளீட், ஒண்ணு கம்ப்ளீட். நான் எதை அழுத்தறது?"

"முக்கா கம்ப்ளீட்னு போடு."

"அப்படி ஒண்ணு கிடையாது. கம்ப்ளீட்னா ஒரு துளி பாக்கி இருக்கக்கூடாது. அதுல முக்கால், அரைக்கால் எல்லாம் சொல்லமுடியாது."

"யாரு சொன்னது? போன மாசம் எனக்கு ஜுரம் கம்ப்ளீட்டா சரியாப் பூட்ச்சின்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டு மூணு நாளு மாத்திரையும் குடுத்தாரு. ஒரு துளி பாக்கி இல்லன்னா மாத்திரை எதுக்கு?" தானியேல் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, நீ படிச்ச பொண்ணு. படிப்பு கம்ப்ளீட்டா?"

"கம்ப்ளீட்தான். ரெண்டு பேப்பர்தான்..." என்று சொல்லவந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மார்த்தாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் நல்லா பேசுங்க. மய வரதுக்குள்ள பேசி முடிச்சா எனுக்கு சௌரியமா இருக்கும்" என்றாள்.

தானியேலுக்கே ஒரு யோசனை வந்தது. சதுரத்தின்மேல் ஒரு பெரிய மாசக் காலண்டரை மாட்டினார். திவ்யா போட்டோ எடுத்து அனுப்பினாள். சாயங்காலமே ஆபீசிலிருந்து அவளுக்குப் போன் வந்தது: வெளிச்சுவரில் காலண்டர் மாட்டுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, எடுத்துவிட்டு அனுப்பு. எடுக்கவேண்டிய சிரமம் யாருக்கும் வரவில்லை. காலண்டர் காற்றில் விழுந்து, செப்டம்பர் மாசத்தை ஆடு தின்றுகொண்டிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் சாரம் பிரிக்கிற வேலைக்கு மார்த்தாள் புது வீட்டுக்கு வந்தபோது, கையில் ஒரு யூரியா சாக்குப் பை இருந்தது. ஈரச் சேலைகள், நனைந்த அரிசி, ஒரு பிளாஸ்டிக் கவரில் அவளுடைய கார்டுகள். வெயில் வந்தால் காயவைக்கலாம் என்று தூக்கிவந்திருக்கிறாள். தார்ப்பாய் கிழிந்துவிட்டதா என்று மேஸ்திரி கேட்டார். "கம்ப்ளீட்டா" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். பூட்டிக் கிடக்கிற புது வீட்டுக்குப் பக்கத்தில் நின்று இவள் ஈர அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சாமல் உள்ளே படுக்கமாட்டேன் என்கிறாள், நம்பர் வராமல் பால் காய்ச்சமாட்டேன் என்கிறாள். எல்லாம் ஒரு சாணில் வந்து நிற்கிறது.

"கலவை போடு" என்றார்.

மார்த்தாள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. போட்டாள், தூக்கினாள், நீட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தானியேல் கடைசிச் சட்டியை வாங்கினார். அடித்தார், இழுத்தார், கட்டை போட்டுத் தேய்த்தார். சதுரம் இருந்த இடமே தெரியாமல் சுவர் ஒன்றாகிவிட்டது. ஒரு அடி பின்னால் வந்து பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மாத்திரை முழுங்குகிற மாதிரி முழுங்கி, "மார்த்தா, வூடு கம்ப்ளீ" என்கிற வரைக்கும் வந்தார்.

மேலே சாரத்துக் கட்டை ஒன்று நழுவி வந்து அவர் இடது கால் கட்டைவிரலில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை முழுசாக எழுதினால் பாஸ்டர் வருத்தப்படுவார். ஒற்றைக் காலில் வாசலை ரெண்டு சுற்றுச் சுற்றிய தானியேல், வலி அடங்குவதற்கு முன்னாலேயே சுவரிடம் போய், ரெண்டு கையாலும் ஈரப் பூச்சை வழித்து எறிந்தார். செங்கல் மறுபடி பல்லைக் காட்டியது. பிறகு காலிச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

மார்த்தாள் ஈரச் சேலையில் ஒரு ஓரத்தைக் கிழித்து விரலைக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "சாரத்துக் கயித்த காலையில அவுத்தது நீதான் மேஸ்திரி" என்றாள்.

அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

"தென்ன மரத்து வேர வெட்டனதும் நீதான். ஊருக்கே தெரியும். உன் கையி பண்ணதுக்கு எவன் கண்ணு இன்னா பண்ணும்?"

இருபத்தெட்டு வருஷமாக ஊர் பொத்தி வைத்திருந்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டு, மேஸ்திரி என்ன ஆவாரோ என்று மார்த்தாள் பயந்துதான் போனாள். தானியேல் கட்டின விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"வேர வெட்டனது தெரியும். மரம் வுழுந்த மறுநாளு போய் குழிய பாத்தேன். என் மம்புட்டி வெட்டுதான். எனக்குத் தெரியாதா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்ப்ளீட்னு கத்தனேன் பாரு, அன்னிக்கு எனக்கே தெரியாம ஒண்ணு பாக்கி இருந்துது மார்த்தா. பந்தலுக்கு அடியில கொழந்தைங்க வெளாடிக்கினு இருந்துது. நல்ல நேரம், நவுந்துதுங்க. அன்னிலேர்ந்து நான் எது கட்டனாலும், எங்கயோ ஒண்ண வுட்டுட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஒதறல். இன்னா வுட்டேன்னு தேடித் தேடிப் பாத்தா பைத்தியம்தான் புடிக்கும். அதான் எனக்குத் தெரிஞ்சே ஒண்ண வுட்டுடறேன். இன்னா வுட்டேன்னு கேட்டா, தோ, இத்தன்னு காட்டிட்டு வூட்டுக்குப் போய் தூங்குவேன்."

"அப்ப கண்ணு, காத்துன்னு சொல்லிக்கினு இருந்தது?"

"கைய நம்பாத மேஸ்திரின்னு சொன்னா எவன் வேல குடுப்பான்?"

மார்த்தாள் எழுந்து, மிச்சக் கலவையைச் சட்டியில் வழித்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். பள்ளம் தேடி அலைந்ததில் திரும்பி வர நேரமாயிற்று.

முப்பதாம் தேதி, மூன்றரை மணிக்குத் திவ்யா வந்து சேர்ந்தாள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியை நிறுத்தினவள் சுவரைப் பார்த்தாள். முன்னே சதுரமாவது சதுரமாக இருந்தது. இப்போது வழித்த கை அடையாளம் வேறு. பூசப்போகிறோம் என்று நேற்றுக் காலையில் கலவை போடும்போது மார்த்தாள் போன் போட்டுச் சொன்னதை நம்பி வந்திருக்கிறாள், பாவம். அவள் கண்ணில் தண்ணி கட்டிவிட்டது.

"நாலு மணிக்கு மூடிடுவாங்க மேஸ்திரி. இப்ப பூசினாக்கூட ஈரம் தெரியும்."

தானியேல் கவிழ்த்துப் போட்ட சட்டியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தப்பு எம்மேலதாம்மா. என் பேர எழுதிக்கோ, அவள ஒண்ணும் பண்ணாத" என்றார். எழுதிக்கொள்ள அந்தப் போனில் இடமில்லை என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

மார்த்தாள் ஆட்டை முளையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, போட்டோல நானும் நிக்கணும்தானே?"

"கட்டாயம். வீட்டுக்காரங்க நிக்காத போட்டோவை அது வாங்கிக்கவே வாங்காது."

"எங்க நிக்கணும்னு எதுனா எழுதிக் கீதா?"

"வீட்டுக்கு முன்னாடி நிக்கணும். அவ்ளோதான்."

மார்த்தாள் சேலையைச் சரி பண்ணிக்கொண்டாள். வாசக்காலுக்கு வலது பக்கம் போனாள். திரும்பி, முதுகு சுவரில் படுகிற மாதிரி நின்று, கையைக் கட்டிக்கொண்டாள். மேஸ்திரி அந்தச் சாணை விட்டிருந்தது அவள் சட்டியை இறக்கி நீட்டுகிற உயரத்தில்தானே. அந்த ஒரு சாண் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

திவ்யா போனைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். மறுபடி தூக்கினாள். கதவு, ஜன்னல், சுவர், மார்த்தாள். எங்கேயும் எதுவும் குறையவில்லை.

தானியேல் ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். இந்தச் சுவரை இந்த மாதிரி அவர் நேற்று அஞ்சு நிமிஷம் பார்த்தார், ஆனால் அப்போது பயமாக இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று அவருக்குப் புரியவில்லை.

"மேஸ்திரி" என்றாள் திவ்யா, பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு. "இந்தத் தடவை கட்டினவங்க வாயால கேட்டுட்டுதான் போடப்போறேன். வீடு கம்ப்ளீட்டா?"

தானியேல் வழக்கம்போல மேலே பார்த்தார். சாரம் எல்லாம் பிரித்தாயிற்று. பக்கத்தில் மரம் எதுவும் இல்லை. காலைப் பார்த்தார். பிறகு மார்த்தாளைப் பார்த்தார். நூற்றி முப்பது வீட்டுச் சுவருக்கு முன்னால் அவள் நின்றிருக்கிறாள், ஒரு தடவைகூடச் சட்டி இல்லாமல் நின்றதில்லை. இப்போது வெறும் தலையோடு, கன்னத்தைக் கொஞ்சம் உப்பிக்கொண்டு, போட்டோவுக்கு மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"அவ நிக்கிற வரைக்கும் கம்ப்ளீட்" என்றார்.

திவ்யா அழுத்தினாள். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, மூன்று ஐம்பத்தாறுக்குப் பச்சை டிக் விழுந்தது. அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஆடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"போயிட்ச்சா? நவுரட்டுமா மேஸ்திரி?" என்றாள் மார்த்தாள், உதட்டை அசைக்காமல்.

தூறல் ஆரம்பித்திருந்தது. சன்ஷேடு அகலமாகத்தான் போட்டிருந்தார், அவள்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"இரு" என்றார் தானியேல். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."